குளித்துவிட்டு வரும் மாமா

அச்சுக்கடையில் அவனுக்குக் கோணல் என்று பேர். கோணலான ஆள் என்று அர்த்தம் பண்ணிக்கொள்ள வேண்டாம். பெயர்ப்பலகையோ அழைப்பிதழோ மருந்துக்கடைப் பையோ, எதை அவன் முன்னால் நீட்டினாலும் முதலில் அவன் வாயில் வருவது "கோணலா இருக்கு" என்பதுதான். தெருவில் நடக்கும்போதுகூடக் கடைப்பலகைகளைப் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டே நடப்பான். அப்படிக் கடித்துக் கடித்து ஒரு தடவை பல் வைத்தியரிடமே போக வேண்டியதாயிற்று. அங்கேயும் சும்மா இருந்தானா? வாயைத் திறந்து வைத்தபடியே எதிர்ச் சுவரில் இருந்த அறிவிப்பைக் கையால் காட்டிக்கொண்டிருந்தான். எழுத்துக்கு எழுத்து இடைவெளி சரியில்லையாம். வலிக்கிறது போலிருக்கிறது என்று வைத்தியர் இன்னொரு ஊசி போட்டுவிட்டார்.

இவனைக் கட்டிக்கொண்ட புண்ணியவதி ஒரு முதியோர் இல்லத்தில் உதவியாளர். எழுந்திருக்க முடியாதவர்களைத் திருப்பிப் படுக்கவைப்பாள், மாத்திரை கொடுப்பாள், நகம் வெட்டிவிடுவாள், சொன்ன கதையையே சொல்பவர்களிடம் புதிதாகக் கேட்பதுபோலக் கேட்பாள். தெருவில் அவளை நர்ஸம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். "நான் நர்ஸ் இல்லைங்க" என்று சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், இப்போது அந்தப் பேருக்கே திரும்பிப் பார்க்கிறாள்.

இந்த நர்ஸம்மாவுக்கு ஜப்பான் போக ஆசை. ஊர் சுற்ற இல்லை. முதியவர்களைப் பார்த்துக்கொள்ளும் தொழிலை அங்கே இரண்டு வருஷம் முறையாகச் சொல்லிக்கொடுத்து, வேலையும் கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தாள். ஆளைத் தூக்குவதற்கே அங்கே தனியாக மெஷின் இருக்கிறதாம். இங்கே அவள் முதுகுதான் மெஷின். திரும்பி வந்து தானே சின்னதாக ஒரு இல்லம் நடத்தவேண்டும் என்று மனசுக்குள் ஒரு படமே வரைந்து வைத்திருந்தாள். அதற்கு முதலில் ஜப்பானிய மொழிப் பரீட்சையில் தேறவேண்டும். ஒரு தடவை எழுதிக் கோட்டைவிட்டாயிற்று. அனுப்புகிறவர்களிடம் வயது வரம்பு ஒன்று இருக்கிறது. அதன்படி இந்தத் தடவைதான் கடைசி.

கோணலுக்கு அவள் தேறவேண்டும். தேறினால் அவள் போய்விடுவாள் என்பதும் தெரியும். இரண்டையும் ஒரே நெஞ்சில் வைத்துக்கொண்டு மனுஷன் எப்படித்தான் நிம்மதியாக இருப்பது? அவன் தனக்குத் தெரிந்த வழியில் அதைச் சமாளித்தான். வேலையில் இறங்கினான்.

ஜப்பானிய எழுத்தில் ஒரு வகை, எழுத்து ஒவ்வொன்றுமே ஒரு பொருளைச் சொல்லிவிடும். மருந்துக்கு ஒன்று, காய்ச்சலுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று என்று நூற்றுக்கணக்கில் மனப்பாடம் செய்தாகவேண்டும். வகுப்பில் அதற்கான அட்டைகள் கொடுத்திருந்தார்கள். முன்பக்கம் எழுத்து, பின்பக்கம் அர்த்தம். நகலுக்கு நகல் எடுத்து, எழுத்தெல்லாம் சாயம்போய்க் கிடந்தது. கோணல் ஒரு அட்டையை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தான்.

"இதப் பாத்தா நீ படிக்கிற?"

"வேற எதப் பாத்துப் படிக்கிறது?"

"ஊருக்கெல்லாம் அழகா அடிச்சுக் குடுக்குறேன். என் பொண்டாட்டி இதப் பாத்துப் படிக்கணுமா? இங்க குடு."

கடைக் கம்ப்யூட்டரில் அவன் ஒரு ஃபாண்டை, அதாவது ஒரு எழுத்து வடிவத்தை, தேடி எடுத்தான். தூரிகையில் எழுதினதுபோல, ஆரம்பத்தில் தடித்து முடிவில் மெலிந்து, பார்க்கவே கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருந்தது. அவனுக்கு அந்த மொழியில் ஒரு எழுத்துகூடத் தெரியாது. அவள் போனில் அனுப்பிய எழுத்துகளை அப்படியே எடுத்து அதில் ஒட்டினான். நல்ல கனமான அட்டை, மூலைகள் வளைவாக வெட்டி, மேலே பளபளவென்று லேமினேஷன். வெட்டி முடித்த பிறகுதான் ஒன்றைக் கவனித்தான். அந்த ஃபாண்டில் சில எழுத்துகளே இல்லை. இல்லாத இடத்தில் கம்ப்யூட்டர் தன் இஷ்டத்துக்கு வேறொரு மொத்தையான ஃபாண்டைப் போட்டு நிரப்பியிருந்தது. பட்டுச்சேலைக்கு நடுவே சாக்குத்துணி மாதிரி அங்கங்கே நான்கைந்து. எல்லாவற்றையும் மறுபடி அடிக்கக் கையை நீட்டினான்.

"இருக்கட்டும் குடுங்க, நாளைக்கு வகுப்பு" என்று அவள் பிடுங்கிக்கொண்டு போனாள்.

தினமும் வேலை முடிந்து வந்ததும் சமையல் மேடைப் பக்கம் அவள் நிற்பாள். அவன் ஸ்டூலில் உட்கார்ந்து ஒவ்வொரு அட்டையாகத் தூக்கிக் காட்டுவான். அழகான எழுத்துகளைக் காட்டினால் அவள் திருதிருவென்று விழிப்பாள். மொத்தை எழுத்து வந்தால் மட்டும் கண்ணை மூடித் திறப்பதற்குள் பதில் வந்துவிடும். அதில் ஒன்றுக்கு அவள் குண்டு மாமா என்று பேர் வைத்திருந்தாள். 'வீடு திரும்புவது' என்று அதற்கு அர்த்தம். அந்த அட்டையைத் தூக்கும்போதெல்லாம் கோணலுக்கு அவமானத்தில் காது சிவக்கும். அவள் சரியாகச் சொன்னது அவன் காதில் விழுந்தால்தானே.

அந்த அவமானம் தாங்காமல், எல்லா எழுத்தும் உள்ள இன்னொரு ஃபாண்டைத் தேடிப் பிடித்து, அத்தனை அட்டைகளையும் திரும்ப அடித்துக்கொண்டு வந்து அவள் முன்னால் வைத்தான். ஒரு பிசிறு கிடையாது. எல்லாம் அண்ணன் தம்பி மாதிரி ஒரே அச்சு.

நர்ஸம்மா புரட்டிப் பார்த்தாள். முகம் விழுந்துவிட்டது.

"குண்டு மாமா எங்க?"

"இருக்காரு. இளைச்சுட்டாரு."

"எதுன்னு சொல்லுங்க."

அவனுக்கே தெரியவில்லை. பின்பக்கம் திருப்பிப் பார்த்துத்தான் கண்டுபிடித்தான். நேற்றுவரை தெரிந்திருந்ததும் இன்றைக்கு அவளுக்கு மறந்துபோயிற்று. அவள் சரியாகப் படிக்கவில்லை என்று அவன் குறைசொல்ல, அவள் அட்டைக்கட்டை மேடைமேல் வைத்துவிட்டுச் சொன்னாள்.

"அழகா இருக்குங்க. நான் இல்லேங்கல. ஆனா வழவழன்னு இருக்கு, கண்ணு எங்கயும் நிக்க மாட்டேங்குது. அந்த மொத்தை எழுத்து நாலும் துருத்திக்கிட்டு இருந்துச்சா, அதனால மனசுல உக்காந்துச்சு. நீங்க அதையும் சீவி விட்டுட்டீங்க."

கோணல் அன்றைக்குச் சாப்பிடும்போது இதையே யோசித்துக்கொண்டிருந்தான். இத்தனை வருஷம் எழுத்தைத் துருத்தாமல் வைப்பதற்குத்தான் அவனுக்குச் சம்பளம். துருத்தினால்தான் நினைவில் நிற்கும் என்றால் அவன் செய்த வேலைக்கெல்லாம் என்ன அர்த்தம்? ஆனால் பிடிவாதக்காரன் இல்லை, அதைச் சொல்லவேண்டும். அவளுக்குத் துருத்தவேண்டும் என்றால் துருத்திவிட்டுப் போகட்டும் என்று கை கழுவும்போதே முடிவு பண்ணிவிட்டான்.

அடுத்த கட்டு அட்டைகளைப் பார்த்திருந்தால் அவன் முதலாளி அவனை வேலையைவிட்டே அனுப்பியிருப்பார். எழுத்துக்கு ஒரு ஃபாண்ட். ஒன்று பலூன் மாதிரி ஊதியிருக்கும், ஒன்று குச்சியை ஒடித்துப் போட்டதுபோல இருக்கும், ஒன்று குழந்தை சுவரில் கிறுக்கினது மாதிரி, ஒன்று பேய்ப்பட விளம்பரம் மாதிரி வழியும். கல்யாண வீட்டுக் கூட்டம் போல ஆளுக்கொரு சட்டை. அடிக்கும்போது அவன் பாதி நேரம் கண்ணை மூடிக்கொண்டிருந்தான் என்று சொன்னால் மிகை இல்லை.

நர்ஸம்மாவுக்கோ கொண்டாட்டம். எழுத்தெல்லாம் அவளுக்கு உறவாகிவிட்டது. மருந்து என்பதற்கான எழுத்தில் நடுவே ஒரு கட்டம், அதன் இரண்டு பக்கமும் புள்ளி புள்ளியாகத் தெறித்திருக்கும். அது வேர்த்த மாப்பிள்ளை. பெண் என்பதற்கான எழுத்து காலை மடித்து உட்கார்ந்து இடுப்பில் கை வைத்ததுபோல இருக்கும்.

"இது உங்க அக்கா" என்றாள்.

"எங்க அக்கா எப்ப இப்படி உக்காந்தா?"

"நம்ம வீட்டுக்கு வந்தா வேற எப்படி உக்காருவாங்க?"

அக்காவை நினைத்துக்கொண்டு அவனும் சிரித்தான். அந்த வாரங்களில் அந்த வீட்டில் சிரிப்புக்குக் குறைவில்லை. அவன் அட்டையைத் தூக்கி முடிப்பதற்குள் அவள் "பெரியப்பா", "சித்தி", "கடன்காரன்" என்று அடுக்கிக்கொண்டே போய், பிறகு சாவகாசமாக அர்த்தம் சொல்வாள். ஒன்றுகூடத் தப்பாது. கோணலுக்குத் தலைகால் புரியவில்லை. கடையில் முதலாளியிடம், "என் பொண்டாட்டிக்கு நான்தான் சார் ஜப்பான் மொழி சொல்லிக்குடுக்குறேன்" என்று வாய் கூசாமல் சொன்னான்.

பரீட்சைக்கு முன்னால் வகுப்பில் மாதிரிப் பரீட்சை ஒன்று வைத்தார்கள். அன்றைக்கு அவள் வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் துணி துவைக்கும் மெஷின்மேல் சாய்ந்துகொண்டு நின்றாள்.

"என்ன ஆச்சு?"

"ஒருத்தரையும் தெரியலங்க."

வினாத்தாளை நீட்டினாள். சாதாரணமான, எந்த வேஷமும் இல்லாத ஒரே ஃபாண்ட். பரீட்சைத்தாள் வேறு எப்படி இருக்கும்?

"எல்லாரும் யூனிஃபார்ம் போட்டுக்கிட்டு வரிசையா நிக்கிறாங்க. யாரு மாமா, யாரு மாப்பிள்ளைன்னு எப்படித் தெரியும்? நான் பாத்துப் பழகுனது சட்டையத்தாங்க. மூஞ்சிய இல்ல."

கோணல் தாளைப் பார்த்தான். பலூனையும் வழியும் பேயையும் எடுத்துவிட்டால் உள்ளே இருக்கிற ஆளை அவள் பார்த்ததே இல்லை. அதைப் பார்க்க விடாமல் செய்தது அவன்தான். அவள் திட்டியிருந்தால் தேவலை. "பரவாயில்ல, நீங்க என் நல்லதுக்குத்தான செஞ்சீங்க" என்று சொல்லிவிட்டுச் செருப்பைக் கழற்றப் போனாள். அந்த ஒரு நிமிஷத்தில் அவன் மனசு ஒரு காரியம் பண்ணியது. இவள் தேறாவிட்டால் இங்கேயே இருப்பாளே என்று மெல்ல எட்டிப் பார்த்தது. சீ, என்ன மனுஷன் நான் என்று அவன் தன்னையே அதட்டிக்கொண்டான். அவளுடைய முதுகு வலி அவனுக்குத் தெரியும். தினமும் தைலம் தேய்த்துவிடுகிறவன் அவன்தானே.

மறுநாள் கடைக்கு ஒரு தையல்காரர் வந்தார். புதுக்கடைக்குப் பெயர்ப்பலகை வேண்டும். இந்த மாதிரி வாடிக்கையாளர்களுக்கென்று அச்சுக்கடையில் ஒரு வழக்கம் உண்டு. கடைப் பேரை ஒரே தாளில் பத்துப் பன்னிரண்டு ஃபாண்டில் ஒன்றன்கீழ் ஒன்றாக அடித்துக் கொடுத்துவிடுவார்கள். பிடித்ததை அவர்களே தொட்டுக் காட்டவேண்டும். கோணல் ஆயிரம் தடவை அடித்த தாள்தான் அது. தையல்காரர் அதைக் கையில் வாங்கி, மேலிருந்து கீழே விரலை ஓட்டிக்கொண்டே வந்தார்.

"எல்லாத்துலயும் என் பேருதான் இருக்கு" என்று சிரித்தார். "ஒண்ணுல தொப்பை போட்டிருக்கேன், ஒண்ணுல தாடி வெச்சிருக்கேன். ஆனா நான்தான்."

கோணல் அவரையே பார்த்துக்கொண்டு நின்றான். "என்னப்பா, பலகைக்கு அளவு எடுக்கலையா?" என்று முதலாளி கேட்ட பிறகுதான் அசைந்தான். ஒரு அட்டையில் ஒரு எழுத்தை ஒரே சட்டையில் காட்டினால் சட்டைதான் மனசில் நிற்கும். அதே ஆளைப் பத்துச் சட்டையில் காட்டினால்? கண் சட்டையை விட்டுவிட்டு மூஞ்சியைத் தேடாதா?

அன்று வேலை முடிந்ததும் முதலாளியிடம் கேட்டு, கழித்துப் போட்ட தாள்களின் பின்பக்கத்தில் அடிக்க ஆரம்பித்தான். ஒரு தாளுக்கு ஓர் எழுத்து. மெலிந்தது, தடித்தது, தூரிகை, குச்சி, பலூன், செய்தித்தாள், பரீட்சைத்தாள், கடைசியில் தன் கையாலேயே ஒன்று எழுதினான். எழுத்தைத் தொழிலாகக் கொண்டவனுக்குக் கையெழுத்து கோழி கிளறினதுபோல இருக்கும் என்பது அவன் கடையில் யாரிடமும் சொல்லாத ரகசியம். அவள் எப்படியும் அறிந்ததுதான் என்று அதையும் சேர்த்துக்கொண்டான்.

தாள்களை வீடு முழுக்க ஒட்டினான். குளிர்சாதனப்பெட்டிக் கதவில், குளியலறைக் கண்ணாடிக்குப் பக்கத்தில், அலமாரிக்குள், அவள் தைலம் தேய்த்துக்கொள்ளக் குப்புறப் படுக்கும் கட்டிலின் தலைமாட்டில். முதல் இரண்டு நாள் அவள் போகிறபோதும் வருகிறபோதும் தாள்களைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். மூன்றாம் நாள் தைலம் தேய்க்கும்போது தலையணையில் கன்னத்தை வைத்தபடியே சொன்னாள்.

"ஏங்க, குண்டு மாமா குண்டே இல்லங்க."

"பின்ன?"

"இங்க பாருங்க. வலப்பக்கம் மேல ஒரு சீப்பு இருக்கு. அதுக்குக் கீழ துண்டு தொங்குது. குண்டா இருந்தாலும் சீப்பும் துண்டும் இருக்கு, ஒல்லியா இருந்தாலும் இருக்கு. உங்க கோழிக் கிறுக்கல்லகூட இருக்கு. அவரு குளிச்சுட்டு வர்ற மாமா."

தைலக்கையோடு அவன் குனிந்து பார்த்தான். ஆமாம், சீப்பு. ஆமாம், துண்டு. பத்துச் சட்டையிலும் மாமா அவற்றைக் கீழே வைக்கவே இல்லை.

"வேலைக்குப் போயிட்டு வீட்டுக்கு வந்தா மொதல்ல அதானங்க செய்வோம். குளிச்சுட்டு, தலை சீவிட்டு. அதான் வீடு திரும்புறது." அவள் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். "இனிமே இவரு எங்க வந்தாலும் நான் கண்டுபிடிச்சுடுவேன்."

வேர்த்த மாப்பிள்ளை எந்த வேஷத்திலும் வேர்த்துக்கொண்டுதான் இருந்தார். அக்கா எந்த ஃபாண்டிலும் இடுப்பிலிருந்து கையை எடுக்கவில்லை. கோணலும் அவளோடு சேர்ந்து தாள் தாளாகத் தேடினான். எது மாறுகிறது, எது மாறவே மாட்டேன் என்கிறது என்று பார்ப்பது இருவருக்கும் விளையாட்டாகிவிட்டது. தானும் படிப்பதாக அவன் நினைக்கவே இல்லை. அவளுக்கு ஒத்தாசை பண்ணுவதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தான்.

பரீட்சை அன்று அவன் கடைக்கு லீவு போட்டுவிட்டு, பரீட்சை நடந்த கட்டடத்தின் எதிரே நின்றான். வாசலில் கட்டியிருந்த துணிப்பதாகையில் எழுத்து ஒருபக்கமாகச் சரிந்திருந்ததை அரைமணி நேரம் சகித்துக்கொண்டான். கூட்டத்தோடு அவளும் வெளியே வந்தாள். முகத்தைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. தெருவைத் தாண்டி அவன் பக்கத்தில் வந்து நின்ற பிறகுதான் சிரித்தாள்.

"எல்லாரும் வந்திருந்தாங்க" என்றாள். "மாமா, மாப்பிள்ளை, உங்க அக்கா, எல்லாரும். யூனிஃபார்ம்லதான். ஆனா நம்மாளுங்க."

அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. சந்தோஷம்தான். முழுக்கச் சந்தோஷம் என்று சொன்னால் பொய்.

அவள் தேறினாள். போனாள். விமான நிலையத்தில் அவன் அழவில்லை. வீட்டுக்கு வந்து கதவைத் திறந்ததும் எதிரே குளிர்சாதனப்பெட்டியில் மாமா சீப்பும் துண்டுமாக நின்றார். அப்போது அழுதான். தாள்களைக் கிழித்துப்போடச் சொல்லி அக்கா வந்து சத்தம்போட்டாள், அதுவும் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு. "பிச்சா செவுத்துப் பெயிண்டும் சேந்து வந்துடும்க்கா" என்று சொல்லி அனுப்பிவிட்டான். பெயிண்டைப் பற்றி அவனுக்கு அதற்கு முன்னால் எந்தக் கவலையும் இருந்ததில்லை.

அங்கிருந்து அவள் படம் அனுப்புவாள். கடைப்பலகை, பேருந்து நிறுத்தம், மருந்துச் சீட்டு, பால் பாக்கெட். கீழே எப்போதும் ஒரே கேள்விதான். 'என்ன ஃபாண்ட்?' அவன் உடனே தடிமன், வளைவு, இடைவெளி என்று பிரித்து மேய்ந்து, கடைசியில் கோணலா இருக்கு என்று முடிப்பான். அவளுக்கு அது வேண்டும். அங்கே நாள் முழுக்கப் புதுப்புது மனிதர்களோடு மல்லுக்கட்டிவிட்டு வந்தவளுக்கு, தன் புருஷன் தன் புருஷனாகவே இருக்கிறான் என்று தெரியவேண்டுமே.

ஒரு சாயங்காலம் அவன் கடையில் மெஷினுக்கு மை ஊற்றிக்கொண்டிருக்கும்போது ஒரு படம் வந்தது. ஒரு வாசல்கதவு. அதன்மேல் மரப்பலகையில் யாரோ பெயிண்டால் எழுதியிருந்தார்கள். பார்த்தான். போனைக் கீழே வைத்தான். கையைத் துடைத்துக்கொண்டு திரும்ப எடுத்துப் பார்த்தான். பதில் எழுதவில்லை. வீட்டுக்கு வந்து குளித்து, தலை சீவி, ஸ்டூலில் உட்கார்ந்தபோது அவளே கூப்பிட்டாள்.

"என்னங்க, ஒண்ணும் சொல்லல? நாங்க தங்கியிருக்கிற கட்டடத்து வாசல். இல்லத்துல இருக்கிற ஒரு பெரியவரு எழுதிக் குடுத்தாராம். என்ன ஃபாண்ட் சொல்லுங்க."

"கவனிக்கல."

"நீங்களா? கவனிக்கலையா? ஒடம்பு சரியில்லையா?"

"ஒடம்புக்கு ஒண்ணுமில்ல. படிச்சுட்டேன்."

"படிச்சீங்களா?" என்றாள்.

"சுத்தி இருக்கிற பொடி எழுத்தெல்லாம் தெரியல" என்றான் அவன். "நடுவுல மாமா நிக்கிறாரு. சீப்பும் துண்டுமா. வீட்டுக்கு வந்தாச்சுன்னு போட்டிருக்கு. சரியா?"

"சரி" என்றாள். "வேலை முடிஞ்சு வர்றவங்களப் பாத்து இங்க அப்படித்தான் சொல்லுவாங்க. நான் தினமும் அதப் பாத்துட்டுத்தான் உள்ள போவேன்."

"ம்."

"அப்ப நான் வர்றன்னிக்கு நம்ம கதவுலயும் எழுதி வைங்க. ஃபாண்ட்ல வேணாம். உங்க கையால."

"கோழி கிளறின மாதிரி இருக்குமே."

"அதுல மாமா இருப்பாருல்ல, அது போதும்."

பிறகு அவள் மூக்கை உறிஞ்சிவிட்டு, பழைய குரலுக்கு வந்து கேட்டாள்.

"சரி, அதையாவது சொல்லுங்க. பலகை கோணலா இருக்கா?"

அவன் போனைக் காதிலிருந்து எடுத்து, படத்தை இன்னொரு தடவை திறந்து, நன்றாகப் பார்த்தான்.

"இல்ல" என்றான். "நேரா இருக்கு."

படத்தில் அந்தப் பலகையின் ஒரு பக்கத்து ஆணி கழன்று, பலகை இடப்பக்கமாக நன்றாகவே சாய்ந்து தொங்கிக்கொண்டிருந்தது.